மேல்தளம் ஒழுகுகிறது: ஒட்டுப்போடுவதா, முழுசாக மாற்றுவதா?

ஜூன் 3, காலை (கேள்வி)

இரண்டு மாடி வணிகக் கட்டடம். கீழே கடைகள், மேலே அலுவலகங்கள். மேல்தளம் காங்கிரீட் ஸ்லாப். அதன் மேல் இன்சுலேஷன் பலகை, அதற்கும் மேல் பிட்டுமென் மெம்பிரேன், அதாவது தாரில் செய்த நீர்த்தடுப்பு விரிப்பு. போட்டு 18 வருடம் ஆகிறது. பின்னால் ஒட்டினாற்போல ஒரு கிடங்கு, அதற்கு இரும்பு ஷீட் கூரை. போன மழையில் நாலைந்து இடத்தில் ஒழுகியது. மூன்று ஒப்பந்ததாரர்களைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார் ஒருவர். மேலே பூச்சு அடித்தால் 10 வருடம் கவலையில்லை என்கிறார் இரண்டாமவர். பழையதைத் தொடாமல் அதன் மேலேயே புது மெம்பிரேன் ஒட்டலாம் என்கிறார் மூன்றாமவர். மூவரும் அடித்துச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

ஜூன் 3, இரவு

மூவரில் யாராவது மெம்பிரேனை ஒரு இடத்திலாவது வெட்டி உள்ளே பார்த்தார்களா? முதலில் அதைச் சொல்லுங்கள். மேலே ஒரு சுற்று நடந்துவிட்டு, நாலு படம் எடுத்துக்கொண்டு போய் விலைப்பட்டியல் அனுப்பியிருந்தால், அவரவர் கையில் இருக்கும் சரக்கைச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உங்கள் கூரையைப் பற்றி யாரும் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

நான் கூரை போடுகிற ஆள் இல்லை. வணிகக் கட்டடங்களின் பராமரிப்பைப் பார்த்துக்கொள்கிறவன். ஒழுகினால் முதல் போன் எனக்குத்தான் வரும். எத்தனை இடத்தில் சொட்டுகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரே ஒரு சொட்டு விழுந்த கூரையில் பாதிப் பரப்பு உள்ளே ஊறிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். வரிசையாக வாளி வைத்த கட்டடத்தில், வடிகால் வாயைச் சுற்றியிருந்த வெடிப்பைச் சரிசெய்ததும் மொத்தமும் நின்றதையும் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் நேராகக் கீழே இறங்குவதில்லை. மெம்பிரேனில் ஓட்டை ஓர் இடத்தில் இருக்கும். தண்ணீர் பலகைக்கு அடியில் ஸ்லாப்பின் வாட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி, எங்கே மின்குழாய் இறங்குகிறதோ, எங்கே காங்கிரீட்டில் ஒரு விரிசல் இருக்கிறதோ அங்கே எட்டிப் பார்க்கும். ஒரு கடையின் கல்லாவுக்கு மேலே சொட்டிய தண்ணீரைத் தேடிப் போனால், ஓட்டை கட்டடத்தின் மறு கோடியில், ஏசி வெளி யூனிட்டின் கால் ஊன்றிய இடத்தில் இருந்தது. அங்கே போல்ட் மெம்பிரேனைத் துளைத்துக்கொண்டு நேராக உள்ளே போயிருந்தது.

ஆகவே, பழுதுபார்ப்பதா மாற்றுவதா என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். தண்ணீர் எதுவரை போயிருக்கிறது, போன இடத்தில் என்ன செய்து வைத்திருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தால், அந்தக் கேள்விக்கு முக்கால்வாசி பதில் வந்துவிடும்.

ஜூன் 4, காலை

எப்படிக் கண்டுபிடிப்பது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

வெட்டிப் பார்ப்பதுதான் முதல் வழி. ஒரு சாண் அகலத்துக்குச் சதுரமாக மெம்பிரேனைக் கத்தியால் கீறி, பலகையையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும். ஸ்லாப் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எடுத்த துண்டைப் பக்கவாட்டில் பாருங்கள். மெம்பிரேன் ஓர் அடுக்கா, இரண்டா, பழைய கூரைக்கு மேலேயே இன்னொன்று ஒட்டியிருக்கிறார்களா என்பது அந்த வெட்டில் தெரிந்துவிடும். பலகையைக் கையால் அழுத்துங்கள். காய்ந்த பலகை லேசாக இருக்கும், விளிம்பு நறுக்கென்று நிற்கும். ஊறிய பலகை கனக்கும். அழுத்தினால் விரலிடுக்கில் தண்ணீர் வரும். ரொம்ப நாள் ஊறியது என்றால் கூடவே ஒரு புளித்த வாடை அடிக்கும். அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். கடைசியில் ஸ்லாப்பைத் தொட்டுப் பாருங்கள், நிறத்தையும் கவனியுங்கள். வெட்டிய குழியை அன்றைக்கே, அதே வகை மெம்பிரேனால், நாலு பக்கமும் நன்றாக மேலேறும்படி ஒட்டி மூடிவிட வேண்டும். மூடத் தெரியாதவரை வெட்ட விடக்கூடாது.

எங்கே வெட்டுவது? ஒழுகும் இடத்துக்கு மேலே மட்டும் வெட்டினால் ஈரம்தான் கிடைக்கும், அதனால் எதுவும் புரியாது. நன்றாக இருக்கிறது என்று நினைக்கிற இடத்திலும் வெட்டுங்கள். வடிகால் ஓரம், கைப்பிடிச் சுவர் ஓரம், நடுப்பரப்பு, ஏசி யூனிட்டுகளின் அருகே என்று பரவலாக எடுங்கள். எடுத்த இடத்தையெல்லாம் தளத்தின் வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

வெட்டுவதற்கு முன்பே ஈரப்பரப்பின் எல்லையைப் பிடிக்க வெப்பக் கேமரா உதவும். நல்ல வெயில் அடித்த நாளில், பொழுது சாய்ந்த பிறகு எடுக்க வேண்டும். பகல் முழுக்க வாங்கிய சூட்டைக் காய்ந்த இடம் சீக்கிரம் விட்டுவிடும். தண்ணீர் அவ்வளவு லேசில் விடாது. அதனால் ஊறிய பலகைகள் இரவில் சூடான திட்டுகளாகத் தெரியும், பல நேரம் பலகையின் விளிம்பு வரைக்கும் கோடு போட்டாற்போல. மேற்பரப்பு காய்ந்திருக்க வேண்டும், காற்று பலமாக அடிக்கக் கூடாது. மேலே தண்ணீர் தேங்கியிருந்தாலோ, கனமாக ஜல்லி பரப்பியிருந்தாலோ படம் ஏமாற்றும். கேமரா காட்டுவது சந்தேகம்தான். அதை உறுதி செய்வது வெட்டு.

ஜூன் 4, மதியம்

உள்கூரையில் ஊசி போட்டு, கெமிக்கல் ஏற்றி நிறுத்தலாமா என்று கேட்ட நண்பருக்கு: அது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. கீழே சொட்டு நிற்கும், தண்ணீர் மேலேயே தங்கும். பலகையும் ஸ்லாப்பும் இன்னும் ஊறும், அடுத்த வருடம் வேறு பக்கம் எட்டிப் பார்க்கும். பாதாளத் தளத்துச் சுவர் மாதிரி வெளிப்பக்கம் போகவே முடியாத இடத்தில் ஊசிக்கு வேலை உண்டு. மேலே ஏறிப் போக முடிகிற கூரைக்கு எதற்கு?

ஜூன் 6

எவ்வளவு ஈரம் இருந்தால் மாற்ற வேண்டும் என்பதற்குத் தொழிலில் புழங்கும் கணக்கு, பரப்பில் கால் பங்குக்கு மேல் ஊறியிருந்தால் முழுசாக மாற்று என்பது. இது கைக்கணக்குதான், வேதவாக்கு இல்லை. கால் பங்கு ஈரம் ஒரே மூலையில் திரண்டு கிடந்தால் அந்த மூலையை மட்டும் ஸ்லாப் வரை பெயர்த்துப் புதிதாகப் போடலாம், மீதியைத் தொட வேண்டாம். அதே கால் பங்கு அங்கங்கே திட்டுத்திட்டாகப் பரவியிருந்தால் ஒவ்வொரு திட்டையும் வெட்டி ஒட்டுகிற கூலியும், புதிதாக உண்டாகும் மூட்டுகளும் சேர்ந்து முழு வேலையையே தொட்டுவிடும். ஒவ்வொரு ஒட்டும் ஒரு புது மூட்டு, ஒவ்வொரு மூட்டும் நாளைக்கு ஒழுக ஓர் இடம்.

மூன்றாமவர் சொன்ன யோசனைக்கு வருகிறேன். பழையதன் மேலேயே புதியதை ஒட்டுவது தன்னளவில் தப்பான முறை இல்லை. பழையது காய்ந்தும், ஸ்லாப்போடு நன்றாகப் பிடித்தும் இருந்தால், பெயர்க்கிற செலவும் குப்பையும் மிச்சம். ஆனால் அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு, பழைய கூரை தண்ணீரில் ஊறியிருந்தாலோ, ஏற்கெனவே இரண்டு அடுக்கு இருந்தாலோ மேலே இன்னொன்று போடக் கூடாது, பெயர்த்தே ஆக வேண்டும் என்கிறது. எந்த நாட்டுக் கூரைக்கும் பொருந்துகிற நியாயம் இது. ஈரத்தை இரண்டு மெம்பிரேனுக்கு நடுவில் அடைத்தால் அதற்குப் போக வழி கிடையாது. வெயிலில் ஆவியாகி மேல் மெம்பிரேனைத் தள்ளும், கொப்புளம் வரும். வராவிட்டால் ஸ்லாப்பில் இறங்கும். அடுக்கு கூடக் கூடக் கனமும் கூடும்.

ஆக, அவர் சொன்னது சரியா தப்பா என்பது அவர் பார்க்காத இடத்தில் இருக்கிறது. மறுபடியும் வெட்டுக்குத்தான் வருகிறோம்.

ஜூன் 7

இதுவரை பேசியதெல்லாம் ஸ்லாப் நலமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பேசியது. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இருப்பதிலேயே முக்கியமான விஷயம் இதுதான்.

மாடி அலுவலகங்களின் பொய்க்கூரைப் பலகைகளைத் தூக்கிவிட்டு, டார்ச்சோடு ஏணியில் ஏறி ஸ்லாப்பின் அடியைப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் காங்கிரீட்டின் வழியே ஊடுருவிப் போயிருக்கிறது. பழுப்புக் கறை கம்பியின் போக்கிலேயே கோடாக ஓடினால் கம்பி துருப்பிடித்திருக்கலாம். சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல காங்கிரீட் கணீரென்று ஒலிக்கும். பொத்துப்போன இடம் டப்பென்று மந்தமாகச் சத்தம் கொடுக்கும். அப்படிக் கேட்ட இடத்துக்குக் கீழே யாரையும் நிற்க விடாதீர்கள்.

காங்கிரீட்டில் இருக்கும் காரத்தன்மைதான் கம்பிக்குக் கவசம். புதிய காங்கிரீட்டின் பி.எச். அளவு 12-க்கும் 13-க்கும் இடையில் இருக்கும். காற்றிலிருக்கும் கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே இறங்கி அதை 9-க்குக் கீழே கொண்டுவந்துவிடும். அதன் பிறகு ஈரமும் ஆக்சிஜனும் போதும், துரு ஆரம்பித்துவிடும். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால்தான் காரை பிளந்து விழுகிறது. புதிதாக உடைத்த காங்கிரீட்டின் மேல் பினால்ப்தலின் கரைசலைத் தெளித்தால், காரம் மிச்சமிருக்கும் பகுதி கரும் இளஞ்சிவப்பாக மாறும், இல்லாத பகுதி நிறம் மாறாது. கம்பி வரைக்கும் நிறமற்றுப் போயிருந்தால் அப்புறம் பேச வேண்டியது மெம்பிரேன் வியாபாரியிடம் இல்லை, கட்டுமானப் பொறியாளரிடம்.

கனடாவில் எலியட் லேக் என்ற ஊரில் ஒரு வணிக வளாகம் இருந்தது. மேல்தளம்தான் கார் நிறுத்துமிடம். 1980-இல் திறந்தார்கள், ஆரம்பம் முதலே ஒழுகியது. முப்பது வருடத்துக்கும் மேலாக ஒட்டுப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். முறையான நீர்த்தடுப்பு கடைசி வரை வரவில்லை. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு கார்ச் சக்கரத்தோடு மேலே வரும், அந்த உப்புத் தண்ணீர் இறங்கி இரும்பு உத்தரத்தின் இணைப்பை அரித்தது. 2012 ஜூன் 23 அன்று அந்த இணைப்பு விட்டு, தளத்தின் ஒரு பகுதி கடைகளின் மேல் இடிந்து விழுந்தது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் ஒரு பொறியாளர் பார்த்துவிட்டுக் கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார். விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2014-இல் வெளிவந்தது. படித்தால் மனசு கனக்கும், அத்தனை பேருக்கு ஒழுகல் தெரிந்தே இருந்திருக்கிறது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உங்கள் கூரையில் காரும் இல்லை, உப்பும் இல்லை. ஆனால் வாளி வைத்துச் சமாளிக்கிற பழக்கம் எல்லாக் கட்டடத்திலும் ஒன்றுதான்.

ஜூன் 9

கிடங்கின் ஷீட் கூரைக்கு இப்போதுதான் வருகிறேன். இதற்கு நியாயம் வேறு.

ஷீட்டில் ஒழுகுவது பெரும்பாலும் ஷீட் இல்லை, ஸ்க்ரூதான். இரும்பு வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். 30 மீட்டர் நீள ஷீட் காலைக்கும் மதியத்துக்கும் இடையில் 45 டிகிரி சூடேறினால் சுமார் 16 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. தினமும் இந்த இழுபறி ஸ்க்ரூவின் துளையில்தான் நடக்கிறது. வட்டமாகப் போட்ட துளை சில வருடத்தில் நீள்வட்டமாகிவிடும். ஸ்க்ரூவுக்குக் கீழே இருக்கும் ரப்பர் வாஷரை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நல்ல வாஷர் அமுங்கித் திரும்பும். காலம் முடிந்த வாஷர் கறுப்புப் பொடியாகக் கையில் உதிரும். ஒன்று உதிர்ந்தால் அதே வயதில் போட்ட மற்றவையும் உதிரும் நிலையில்தான் இருக்கும்.

ஷீட்டில் துரு மேலோட்டமாக இருந்தால் ஸ்க்ரூ முழுவதையும் ஒரு சைஸ் பெரிதாக, புது வாஷரோடு மாற்றுவதே பெரிய பழுதுபார்ப்பு. வருடக்கணக்கில் தாங்கும். ஒழுகுகிற ஸ்க்ரூவுக்கு மட்டும் சீலண்ட் அப்பிக்கொண்டு போவதில் அர்த்தமில்லை. ஆனால் ஷீட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். துரு அங்கே மறைந்து வேலை செய்யும். ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே போய்விட்டால் அந்த ஷீட்டின் கதை முடிந்தது. அடியில் ஷீட்டைத் தாங்கும் பர்லின், அதாவது குறுக்குச் சட்டம், அரித்திருந்தால் மொத்தத்தையும் மறுபடி யோசிக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. வெளிச்சத்துக்காக இடையிடையே போட்டிருக்கும் ஃபைபர் ஷீட்டின் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. வெயிலில் அது நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும், தூசு படிந்தால் மற்ற ஷீட் போலவே தெரியும். இது உயிர் போகிற விஷயம். அடுத்து, இரும்பு ஷீட் என்று நினைத்துக்கொண்டிருக்கிற கூரையின் ஓரப் பகுதிகள் சில கட்டடங்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட்டாக இருக்கும். சிமென்ட் நிறத்தில் இருந்தால் வெட்டவோ துளையிடவோ உடைக்கவோ விடாதீர்கள். அந்த நார் மூச்சில் போனால் பல வருடம் கழித்து நுரையீரலில் வேலையைக் காட்டும். பிரிட்டன் 1999-இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2005-இலும் தடை செய்த பொருள் அது. அகற்றுவதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

ஜூன் 10

நேற்றுச் சொன்னதற்கு ஒரு வரம்பு போட வேண்டும். மழையே இல்லாத நாட்களில் விடியற்காலையில் கிடங்கில் சொட்டுகிறது என்று கேள்வி கேட்டவர் இன்று எழுதியிருக்கிறார். அது ஒழுகல் இல்லை. இரவில் குளிர்ந்த ஷீட்டின் அடியில், கிடங்கின் ஈரக் காற்று பட்டு வியர்க்கிறது. அதற்கு ஸ்க்ரூ மாற்றினாலும் நிற்காது, ஷீட்டையே மாற்றினாலும் நிற்காது. காற்றோட்டமும் அடியில் இன்சுலேஷனும்தான் மருந்து. எனவே கிடங்குக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன், சொட்டுகிற நேரத்தையும் அன்று மழை உண்டா இல்லையா என்பதையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். காவலாளியே எழுதலாம்.

ஜூன் 12

தண்ணீர் தேங்குவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

மழை நின்று 48 மணி நேரம் கழித்தும் குட்டை இருந்தால் அது தேக்கம். பல மெம்பிரேன் உத்தரவாதங்கள் தேக்கம் உள்ள இடத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கனத்தையும் பாருங்கள். 200 சதுர மீட்டரில் 25 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் 5 டன். அந்தக் கனத்தில் தளம் கொஞ்சம் தொய்ந்தால் இன்னும் தண்ணீர் சேரும்.

பிரிட்டிஷ் தர வழிமுறை, வேலை முடிந்த தட்டைக் கூரையில் குறைந்தது 80-க்கு 1 வாட்டம் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது 8 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறக்கம். கட்டும்போது பிசகும் என்பதால் 40-க்கு 1 என்று திட்டமிடச் சொல்கிறார்கள். வாட்டம் இல்லாத கூரையில் புது மெம்பிரேன் போட்டாலும் பழைய குட்டையின் மேல் புது விரிப்பு விரித்தது போலத்தான்.

இதுதான் சில நேரம் தராசை முழுசாக மாற்றுகிற பக்கம் சாய்க்கிறது. ஒட்டுப்போடுவதில் வாட்டத்தைச் சரிசெய்ய முடியாது, பெயர்த்துப் போடும்போது முடியும். அப்போதும் கொத்தனார் சொல்வதைக் கேட்டுச் சிமென்ட் கலவையைக் கொட்டி வாட்டம் எடுக்காதீர்கள். 5 சென்டிமீட்டர் கலவை சதுர மீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டும். ஸ்லாப் அதைத் தாங்குமா என்று கணக்குப் போட்டவர் கையெழுத்து வேண்டும். சரிவாகவே வெட்டி வருகிற இன்சுலேஷன் பலகைகள் இருக்கின்றன. கனமே இல்லை, வாட்டமும் கிடைக்கும்.

ஜூன் 12, இரவு

வடிகால் வாயைத் தூர்வாரிவிட்டு அப்புறம் தேக்கத்தை அளக்கவும். காய்ந்த இலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்ததற்கெல்லாம் கூரையைக் குறை சொல்ல வேண்டாம்.

ஜூன் 15

கணக்கு கேட்டிருக்கிறார்கள். பணத்தை விட்டுவிட்டு விகிதத்தில் சொல்கிறேன். முழுசாக மாற்ற 100 பங்கு, 20 வருடம் வரும் என்றால் வருடத்துக்கு 5. பழுதுபார்க்க 15 பங்கு, 5 வருடம் தாங்கினால் வருடத்துக்கு 3, லாபம். அதே பழுதுபார்ப்பு 2 வருடம்தான் தாங்கினால் வருடத்துக்கு 7.5, நஷ்டம். ஆகவே ஒப்பந்ததாரரிடம் எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை வருடம், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

இந்தக் கணக்கில் வராத சில இருக்கின்றன. பழுதுபார்த்து ஈரத்தை உள்ளேயே விட்டுவிட்டால், தள்ளிப்போட்ட வருடங்களில் 100 பங்கு வேலை 130 ஆகிவிடும், ஸ்லாப் வேலையும் சேர்ந்துகொள்ளும். ஈரத்தை எடுத்துவிட்டுப் பழுதுபார்த்தால் செலவு அப்படி வளராது. கீழே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். காலி வராந்தாவில் சொட்டுவதும் சர்வர் அறையில் சொட்டுவதும் ஒன்றா? கடைகளை எத்தனை நாள் மூட முடியும், கட்டடத்தை நீங்களே இன்னும் எத்தனை காலம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோலார் பலகை போடும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். 25 வருடம் நிற்கிற பலகையை 6 வருடம் ஆயுள் மிச்சமுள்ள கூரையில் ஏற்றினால், நடுவில் எல்லாவற்றையும் கழற்றி இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே மாற்றுவதை முன்னுக்குக் கொண்டுவந்தவர்கள் உண்டு, அவர்கள் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 16

பூச்சு விற்பவரை நான் ஒதுக்கிவிட்டதாக ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். இல்லை. காய்ந்த, நன்றாக ஒட்டியிருக்கிற, ஆனால் வெயிலில் வெளிறி மயிரிழை வெடிப்பு விட ஆரம்பித்த மெம்பிரேனுக்குப் பூச்சு அருமையான மருந்து. வெள்ளைப் பூச்சு என்றால் கட்டடத்தின் சூடும் குறையும். சரியான நேரத்தில் அடித்தால் மாற்றுவதைப் பல வருடம் தள்ளிப்போடலாம். ஊறிய கூரைக்குத்தான் அது ஆகாது.

அடிக்கிறவரிடம் கேட்க வேண்டியது தடிமன். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் பூசினால் ஈரத்தில் 1 மில்லிமீட்டர். அதில் திடப்பொருள் கன அளவில் பாதி என்றால் காய்ந்த பிறகு அரை மில்லிமீட்டர்தான் நிற்கும். இத்தனை சதுர மீட்டர், இத்தனை டின் என்று வாசலிலேயே எண்ணிவிடலாம். இரண்டு கை பூசினோம் என்ற பேச்சுக்கு அளவு கிடையாது.

வெறும் காங்கிரீட்டில் பூசுவதாக இருந்தால் முதலில் அரை மீட்டர் அகலப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுவைத்துத் தூக்கிப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக வியர்த்திருந்தாலோ, காங்கிரீட் கறுத்திருந்தாலோ தளம் இன்னும் தயாராகவில்லை.

ஜூன் 18

உத்தரவாதப் பத்திரத்தைப் படிக்கும்போது: பொருளுக்கு மட்டுமா, வேலைக்கும் சேர்த்தா? வருடத்துக்கு வருடம் தொகை தேய்கிறதா? தேக்கத்துக்கு விலக்கு உண்டா? ஏசி ஆள் துளை போட்டால் ரத்தாகுமா? இந்த நாலும் போதும்.

ஜூன் 23

வெட்டிப் பார்த்த முடிவுகளைக் கேள்வி கேட்டவர் படங்களோடு போட்டிருக்கிறார். இவ்வளவு பொறுமையாகச் செய்ததற்கு மனமார்ந்த பாராட்டு. முன்பக்க அலுவலகங்களின் மேலே எல்லாத் துண்டும் காய்ந்திருக்கின்றன. ஏசி யூனிட் வரிசையையும் மேற்குக் கைப்பிடிச் சுவரையும் ஒட்டிய பகுதி முழுக்க ஊறியிருக்கிறது. மெம்பிரேன் ஓர் அடுக்குதான். ஸ்லாப்பின் அடியில் உப்புப் பூத்திருக்கிறது, ஆனால் தட்டினால் கணீரென்கிறது, பொறியாளரும் கம்பி நலம் என்கிறார். கிடங்கில் வாஷர் உதிர்கிறது, ஷீட்டும் பர்லினும் நன்றாக இருக்கின்றன.

என் கருத்து: மூவர் சொன்னதும் முழுசாகப் பொருந்தவில்லை. ஊறிய பகுதியை ஸ்லாப் வரை பெயர்த்து, காய விட்டு, சரிவான பலகையோடு புதிதாகப் போடுங்கள். ஏசி யூனிட்டுகளைத் தூக்கி, மெம்பிரேனைத் துளைக்காத மேடைகளில் உட்கார வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் மற்ற வேலை எல்லாம் வீண், தண்ணீர் உள்ளே போன வழியே அதுதான். கைப்பிடிச் சுவரில் மெம்பிரேன் குறைந்தது 150 மில்லிமீட்டர் மேலேற வேண்டும். உங்கள் படத்தில் அது அதில் பாதிகூட இல்லை. காய்ந்திருக்கும் முன்பக்கத்துக்கு மூட்டுகளைச் சரிபார்த்துப் பூச்சு அடித்தால் போதும். கிடங்குக்கு ஸ்க்ரூ முழுவதும் மாற்று, காற்றோட்டம். சோலார் வேண்டுமென்றால் புதிதாகப் போடும் பகுதியின் மேல் மட்டும், இப்போதைக்கு.

முழுசும் பெயர்க்கச் சொன்னவர் இதை ஏற்றுக்கொள்வாரா என்று கேட்கிறீர்கள். வெட்டிய இடங்களைக் குறித்த வரைபடத்தை முன்னால் வைத்துப் பேசுங்கள். காய்ந்த பகுதியையும் ஏன் எடுக்க வேண்டும் என்பதற்கு அவரிடம் நல்ல காரணம் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள். இருக்கவும் கூடும். பழையதும் புதியதும் சேரும் மூட்டைப் பற்றி அவர் கவலைப்பட்டால் அது நியாயமான கவலை. அந்த மூட்டைப் பள்ளத்தில் வைக்காமல், தண்ணீர் இரு பக்கமும் பிரிந்து ஓடும் மேட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

ஜூன் 24

முடிந்ததும் தண்ணீர் கட்டிப் பார்க்கலாமா என்றால், ஸ்லாப்புக்குத் தாராளமாகப் பார்க்கலாம், ஷீட்டுக்கு அது பொருந்தாது. வடிகாலை அடைத்து, கனத்தை ஸ்லாப் தாங்கும் என்று பொறியாளரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு நாளாவது நிறுத்தி வையுங்கள். கீழே ஒருவர் டார்ச்சோடு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாலையில் அடைப்பை எடுக்கும்போது ஒரேயடியாகத் திறக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லுங்கள், பழைய இறக்கக் குழாய்கள் அந்த வேகத்தைத் தாங்காது.

மெம்பிரேனைக் கேஸ் சுடரால் உருக்கி ஒட்டுவார்கள். நெருப்பு அணைந்து வெகுநேரம் கழித்துக்கூடப் பலகைக்குள் கனன்று பற்றிக்கொள்ளும். அதனால் வேலை முடிந்த பிறகும் ஓர் ஆள் தீயணைப்பானோடு மேலேயே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

மழைக்கு முன் முடியுமா என்பது உங்கள் ஊர் வானிலையைப் பொறுத்தது. ஆனால் ஒரு நாளில் மூட முடிகிற அளவுக்கு மேல் பெயர்க்க விடாதீர்கள். மாலை ஆனால், பெயர்த்த விளிம்பைப் பழைய மெம்பிரேனோடு தற்காலிகமாக ஒட்டி மூடிவிட்டு, அதைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பிய பிறகுதான் ஆட்கள் கீழே இறங்க வேண்டும். மூடாமல் விட்ட ஒரு ராத்திரி மழை, புதுப் பலகையையும் பழையது மாதிரியே ஊறவைத்துவிடும்.